ஒரே சிப், வேறு வேலை: டேப்லெட் எங்கே லேப்டாப் ஆகிறது, எங்கே நின்றுவிடுகிறது

2020 நவம்பரில் ஆப்பிள் தன் எம்1 சிப்பை மேக்புக் ஏரில் வைத்து வெளியிட்டது. அடுத்த ஆண்டே அதே எம்1 ஐபேட் புரோவுக்குள்ளும் வந்தது. சிப் ஒன்று, நினைவகமும் இரண்டிலும் 8 ஜிபியில்தான் தொடங்கியது. ஆனால் மேக்புக்கில் செய்துவந்த வேலையை அப்படியே ஐபேடில் செய்யப் போனவர்கள் பலர் பாதி வழியில் திரும்பி வந்தார்கள். இஞ்சின் ஒன்றாக இருந்தும் இரண்டு வண்டியும் ஒரே சாலையில் ஓடவில்லை.

"டேப்லெட் வாங்கினால் லேப்டாப் வேண்டாமா?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் சிப்பின் பெயரையும் நினைவகத்தையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நடுத்தர விலைக்கு மேல் உள்ள டேப்லெட்களில் வேகம் ஏறக்குறையத் தீர்ந்துபோன பிரச்சினை. கால் இடறுவது வேறு மூன்று இடங்களில்: கோப்பு யார் கையில் இருக்கிறது, திரையில் தெரியாத செயலி உயிரோடு இருக்கிறதா, வெளியிலிருந்து செருகும் சாதனத்துக்கு டிரைவர் (அதை இயக்கும் நிரல்) உண்டா. இந்த மூன்றில் எதையும் அதிகம் தொடாத வேலை என்றால், டேப்லெட்டே போதும். மூன்றையும் நாள்தோறும் தொடுகிற வேலை என்றால், எந்த கீபோர்டை மாட்டினாலும் அது லேப்டாப் ஆகாது.

முதல் ஐபேட் வெளிவந்த 2010இல், ஜூன் மாத மேடை உரையாடல் ஒன்றில், பெர்சனல் கம்ப்யூட்டர்கள் இனி லாரி மாதிரி ஆகிவிடும், பெரும்பாலோருக்குக் கார் போதும் என்ற பொருளில் ஸ்டீவ் ஜாப்ஸ் பேசினார். நல்ல உவமைதான். வீடு மாற்றும் நாளில் கார்க்காரருக்கும் லாரி வேண்டும் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. அந்த நாள் உங்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை வருகிறதா, வாரத்துக்கு இருமுறையா என்பதில்தான் விடை இருக்கிறது.

எந்த டேப்லெட் என்று கேளுங்கள்

டேப்லெட் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு சாதனங்கள் விற்கின்றன.

விண்டோஸ் ஓடும் சர்ஃபேஸ் புரோ போன்றவை உருவத்தில் மட்டுமே டேப்லெட். உள்ளே இருப்பது முழு விண்டோஸ். லேப்டாப்பின் கீபோர்டைக் கழற்றி வைத்தால் எப்படியோ அப்படி. ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 2012இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட சர்ஃபேஸ் ஆர்டி பார்க்க விண்டோஸ் போலவே இருந்தது. வழக்கமான இன்டெல் வகைக்குப் பதில் போன்களில் இருக்கும் ஏஆர்எம் வகைச் சிப் என்பதால் பழைய விண்டோஸ் மென்பொருள் எதையும் அதில் நிறுவ முடியவில்லை. விற்காமல் தேங்கிய சரக்குக்காக 2013 ஜூலையில் நிறுவனம் 90 கோடி டாலரை நட்டக் கணக்கில் எழுதியது. இன்றைய ஸ்னாப்டிராகன் எக்ஸ் சிப் கொண்ட டேப்லெட்கள் அந்த நிலையில் இல்லை. பழைய மென்பொருளை மொழிமாற்றி ஓட்டும் பிரிசம் என்ற அடுக்கு விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, பெரும்பாலானவை ஓடிவிடும். டிரைவர்கள் மட்டும் அப்படி ஓடாது. டிரைவர் என்பது இயங்குதளத்தின் அடிவயிற்றில் உட்காரும் நிரல். அதை ஏஆர்எம்முக்கென்றே எழுதியிருக்க வேண்டும். அதனால் சில பழைய பிரிண்டர், அலுவலக வலைக்குள் நுழைய உதவும் சில விபிஎன், டிஜிட்டல் கையெழுத்துக்காகச் செருகும் டோக்கன், ஏமாற்றுத் தடுப்பு நிரலோடு வரும் சில விளையாட்டுகள் நின்றுபோகும். இப்படிப்பட்ட சாதனம் ஏதாவது உங்களிடம் இருந்தால், ஏஆர்எம் விண்டோஸுக்கு டிரைவர் இருக்கிறதா என்று அதைத் தயாரித்தவரின் பதிவிறக்கப் பக்கத்தில் பார்த்துவிட்டுத்தான் பணத்தைக் கட்ட வேண்டும்.

அடுத்தது ஐபேட். இதைப் பற்றிய பழைய விமர்சனங்களை இப்போது படித்து முடிவெடுத்தால் தவறாகப் போகும். 2019இல் ஐபேட் ஓஎஸ் தனிப் பெயரோடு பிரிந்தபோதுதான் பென் டிரைவைப் படிக்கவே கற்றுக்கொண்டது. மவுஸும் டச்பேடும் முறையாக வந்தது 2020 மார்ச்சில். சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் ஸ்டேஜ் மேனேஜர் 2022இல், அதுவும் சில மாடல்களுக்கு மட்டும். 2025 செப்டம்பரில் வந்த ஐபேட் ஓஎஸ் 26தான் விரும்பியபடி இழுத்துச் சுருக்கும் சாளரம், மேலே மெனு பட்டை, குறிப்பிட்ட கோப்பு வகையை எந்தச் செயலி திறக்க வேண்டும் என்ற தேர்வு எல்லாவற்றையும் கொடுத்தது.

மூன்றாவது ஆண்ட்ராய்டு. சாம்சங் 2017இல் போனில் தொடங்கி 2018இல் டேப் எஸ்4 வழியாக டேப்லெட்டுக்குக் கொண்டுவந்த டெக்ஸ், பார்வைக்கு லேப்டாப்பின் முகப்புத் திரையைப் போலவே இருக்கும். கோப்புகளைக் கையாள்வதில் ஆண்ட்ராய்டு ஐபேடைவிடத் தாராளம். ஆனால் பெரிய திரைக்கென்று உழைத்து எழுதிய செயலிகள் குறைவு. பல செயலிகள் போன் முகத்தையே அகலமாக இழுத்துக் காட்டும்.

மேற்கொண்டு சொல்வது பெரும்பாலும் இந்தப் பின்னிரண்டையும் பற்றி.

கோப்பு யார் கையில்?

லேப்டாப்பில் கோப்பு ஒரு ஃபோல்டரில் கிடக்கிறது. எந்த மென்பொருளும் வந்து அதைத் திறக்கலாம். டேப்லெட்டில் கோப்பு ஒரு செயலியின் அறைக்குள் இருக்கிறது. அடுத்த செயலி கேட்டால் பல நேரம் ஒரு நகல்தான் கைமாறும். பாதுகாப்புக்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. ஆண்ட்ராய்டும் 2020இல் வந்த 11ஆம் பதிப்பிலிருந்து இந்தப் பக்கம் நன்றாகவே சாய்ந்துவிட்டது.

இது எப்படிக் கடிக்கும் என்பதை ஒரு கையெழுத்து வேலையில் பார்க்கலாம். மின்னஞ்சலில் ஒப்பந்தம் ஒன்று பிடிஎஃப்பாக வருகிறது. அதைத் தொட்டுத் திறந்து, பகிர் பொத்தானை அழுத்தி, குறிப்பெழுதும் செயலிக்கு அனுப்புகிறீர்கள். பேனாவால் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மறுபடி மின்னஞ்சலுக்கு வந்து, இணைப்பு பொத்தானை அழுத்தி, சமீபத்திய கோப்புகளில் அதே பெயரைப் பார்த்து இணைத்து அனுப்புகிறீர்கள். போய்ச் சேர்ந்தது கையெழுத்து இல்லாத பிரதி. கையெழுத்துப் போட்டது குறிப்புச் செயலியின் அறைக்குள் இருக்கும் இரண்டாம் நகலில். நீங்கள் இணைத்தது பதிவிறக்கத்தில் கிடந்த முதல் நகல். பெயர் ஒன்று, ஐகான் ஒன்று, அளவும் கிட்டத்தட்ட ஒன்று.

இதைத் தவிர்க்க ஒரு பழக்கம் போதும். வரும் கோப்பை முதலில் கோப்பு மேலாளரில் நீங்கள் உருவாக்கிய ஒரு ஃபோல்டரில் சேமியுங்கள். பிறகு அந்த ஃபோல்டரிலிருந்தே, அல்லது குறிப்புச் செயலியின் உள்ளே இருக்கும் "திற" வழியாக, அதைத் திறங்கள். பகிர் பொத்தான் நகலெடுக்கும். "திற" வழி, செயலி ஒழுங்காக எழுதப்பட்டிருந்தால், அதே கோப்பைத் திருத்தும். ஒழுங்காக எழுதப்பட்டதா என்று தெரிய, ஒரு கோட்டைக் கிறுக்கிவிட்டு கோப்பு மேலாளருக்குப் போய் "மாற்றிய நேரம்" என்பதைப் பாருங்கள். நேரம் மாறியிருந்தால் அந்தச் செயலியை நம்பலாம். மாறவில்லை என்றால் அது தனக்கென்று நகல் வைத்துக்கொள்ளும் ரகம். வேறு செயலி தேடுங்கள்.

மேகத்தில் வைத்த கோப்புகளிலும் ஒரு சிறு வம்பு உண்டு. பெயர் திரையில் தெரியும், உள்ளடக்கம் சர்வரில் இருக்கும். நெட் இல்லாத பயணத்தில் தொட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். கிளம்புவதற்கு முன் அந்த ஃபோல்டரை ஆஃப்லைனில் வைக்கச் சொல்லிவிட்டு, விமானப் பயன்முறையைப் போட்டு ஒரு கோப்பையாவது திறந்து பார்த்துவிட வேண்டும்.

திரையில் இல்லாததைத் தூங்கவைக்கும் பழக்கம்

டேப்லெட்டின் பிறப்பு போனிலிருந்து. பேட்டரியைக் காப்பாற்ற, கண்ணுக்குத் தெரியாத செயலியைச் சில விநாடிகளில் உறையவைப்பதும், நினைவகம் தேவைப்பட்டால் முழுதாக வெளியேற்றுவதும் போனின் சுபாவம். லேப்டாப்பில் ஒரு வீடியோவை ஏற்றுமதிக்குப் போட்டுவிட்டு மின்னஞ்சல் பார்க்கலாம். ஐபேடில் பல ஆண்டுகள் அப்படிச் செய்தால் ஏற்றுமதி நின்றுவிடும். ஐபேட் ஓஎஸ் 26 நீண்ட வேலைகளைப் பின்னணியில் தொடர வழி கொடுத்திருக்கிறது. ஆனால் செயலியை எழுதியவர் அதைப் பயன்படுத்தியிருந்தால்தான் பலன்.

இதன் அன்றாட முகம் பிரவுசரில் தெரியும். நீளமான விண்ணப்பப் படிவத்தை முக்கால்வாசி நிரப்பிவிட்டீர்கள். ஒரு எண்ணைப் பார்க்க பிடிஎஃப் செயலிக்குப் போய், அங்கிருந்து கேலரிக்குப் போய் ஒரு படத்தைச் சிறிதாக்கித் திரும்பினால், பக்கம் புதிதாக ஏற்றிக்கொண்டு வெற்றுப் படிவமாக நிற்கிறது. நினைவகம் போதாமல் இயங்குதளம் அந்தப் பக்கத்தைத் தூக்கி எறிந்திருக்கிறது. 4 ஜிபி உள்ள டேப்லெட்டில் இது அடிக்கடி நடக்கும், 8 ஜிபிக்கு மேல் அரிது.

மருந்து எளிது. திரையில் தெரிகிற செயலியை இயங்குதளம் தூக்காது. ஆகவே படிவத்தையும் பிடிஎஃப்பையும் பக்கம் பக்கமாகத் திரையைப் பிரித்து வையுங்கள். பெரிய கோப்பு ஏற்றும்போதும் அந்தச் செயலியை ஓர் ஓரத்தில் சன்னமாகவாவது தெரியவைத்து, திரை தானாக அணையும் நேரத்தை நீட்டிவிடுங்கள். ஆண்ட்ராய்டில் கூடுதலாக ஒரு வழி உண்டு: அமைப்புகளில் அந்தச் செயலியின் பக்கத்துக்குப் போய், பேட்டரி பகுதியில் கட்டுப்பாடற்றது என்று மாற்றுவது. மேகச் சேமிப்பு, தொலைவில் உள்ள கம்ப்யூட்டருக்குள் நுழையும் எஸ்எஸ்எச் போன்றவற்றுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். எல்லாவற்றுக்கும் செய்தால் பேட்டரி மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

பிரவுசரைப் பற்றி இன்னொன்று. ஐபேடில் குரோம் நிறுவினாலும் லேப்டாப் குரோமின் எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிக்காகப் பிரவுசரில் ஒட்டும் சிறு நிரல்கள்) அதில் வராது. சஃபாரிக்கு எக்ஸ்டென்ஷன் உண்டு, எண்ணிக்கைதான் குறைவு. கடவுச்சொல் மேலாளர், விளம்பரத் தடுப்பு போன்றவை கிடைத்துவிடும். உங்கள் அலுவலக மென்பொருளோடு ஒட்டிய எக்ஸ்டென்ஷன் கிடைக்குமா என்பது தனியாகப் பார்க்க வேண்டியது.

எக்செல் என்ற சோதனைக் கல்

அலுவலக வேலைக்கு டேப்லெட் ஆகுமா என்று ஒரே கேள்வியில் கண்டுபிடிக்க வேண்டுமானால், உங்கள் எக்செல் கோப்புகளில் மேக்ரோ (பல படிகளை ஒரே பொத்தானில் தானாகச் செய்யும் நிரல்) இருக்கிறதா என்று கேட்டால் போதும்.

எக்செல் ஐபேடிலும் ஆண்ட்ராய்டிலும் இருக்கிறது, நன்றாகவே இருக்கிறது. சூத்திரம், வரைபடம், வடிகட்டி எல்லாம் வேலை செய்யும். விபிஏ மொழியில் எழுதிய மேக்ரோ மட்டும் ஓடாது. பிரவுசரில் திறக்கும் எக்செல்லும் மேக்ரோ உள்ள கோப்பைத் திறக்கும், திருத்தவும் விடும், மேக்ரோவை அழிக்காமலும் வைத்திருக்கும், ஆனால் ஓட்டாது. எக்ஸ்எல்எஸ்எம் என்று முடியும் கோப்பைத் திறந்து, "அறிக்கை தயார் செய்" என்று யாரோ எப்போதோ வைத்த பொத்தானைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. வெளித் தரவை இழுத்துவரும் பவர் குவெரியையும் டேப்லெட் எக்செல் செயலியில் அமைக்க முடியாது. வேர்டில் இதற்கு நிகரான இடறல் மெயில் மெர்ஜ்: 200 பேருக்குப் பெயர் மாற்றிக் கடிதம் அச்சிடுகிற வேலை டேப்லெட் வேர்டில் இல்லை.

உரிமத்திலும் ஒரு கோடு கிழித்திருக்கிறார்கள். திரை 10.1 அங்குலம் அல்லது அதற்குக் குறைவு என்றால் அடிப்படைத் திருத்தம் இலவசம். அதைத் தாண்டினால் மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இல்லாமல் படிக்க மட்டுமே முடியும். லேப்டாப்புக்கு மாற்றாக யாரும் 10 அங்குலம் வாங்குவதில்லை என்பதால், இந்தச் சந்தாவையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

மற்ற துறைகளை வேகமாகக் கடக்கலாம். படம் வரைபவர்களுக்கு டேப்லெட் லேப்டாப்பையே மிஞ்சும். புகைப்படத் திருத்தத்துக்குக் குறை சொல்ல அதிகமில்லை. ஃபோட்டோஷாப் ஐபேடுக்கு வந்து (2019) பல ஆண்டுகள் ஆகின்றன. வீடியோவுக்கு டாவின்சி ரிசால்வ் 2022 டிசம்பரிலும் ஃபைனல் கட் 2023 மேயிலும் ஐபேடுக்கு வந்தன. ஆனால் ஃபைனல் கட்டில் வெளி டிரைவில் வைத்தே திட்டத்தைத் திருத்த 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நிரல் எழுதுபவர்கள்தான் அதிகம் தவிப்பார்கள். ஆப்பிள் சாதனங்களுக்குச் செயலி எழுதும் எக்ஸ்கோடு ஐபேடில் இல்லை. ஓடும்போதே இயந்திர நிரலை உருவாக்கி இயக்கும் உரிமையை ஐபேட் சாதாரணச் செயலிகளுக்குத் தருவதில்லை. அதனால் ஐபேடுக்குள் வேறொரு கம்ப்யூட்டரை மெய்நிகராக ஓட்டினால் நத்தை வேகம்தான். நிரல் வேலையெல்லாம் தொலைவில் உள்ள சர்வரில் நடக்கிறது, நாம் எஸ்எஸ்எச்சில் நுழைந்து தட்டுகிறோம் என்பவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை.

ஒரே ஒரு துளை

சார்ஜர், மானிட்டர், பென் டிரைவ், நெட் கேபிள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலான டேப்லெட்களில் ஒரே ஒரு யுஎஸ்பி-சி. துளையின் உருவம் ஒன்றாக இருப்பதால் திறனும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேடில் இருப்பது யுஎஸ்பி-சி வடிவம்தான். வேகம் யுஎஸ்பி 2, அதாவது நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் 40 எம்பி கிடைத்தால் அதிகம். 100 ஜிபி வீடியோவை வெளி டிரைவுக்கு மாற்ற 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். 5 கிகாபிட் துளையில் அதே வேலை சுமார் 4 நிமிடம், டிரைவும் அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்தால்.

மானிட்டரும் இப்படித்தான். விலை குறைந்த ஆண்ட்ராய்டு டேப்லெட்கள் பலவற்றில் அந்தத் துளை வழியாகப் படமே வெளியே வராது. ஹப்பில் (ஒரு துளையைப் பலவாகப் பிரிக்கும் பெட்டியில்) எச்டிஎம்ஐ இருந்தும் மானிட்டர் "சிக்னல் இல்லை" என்றுதான் சொல்லும். கோளாறு ஹப்பில் இல்லை, மாற்றி மாற்றி வாங்க வேண்டாம். ஐபேடில் மானிட்டரைத் தனித் திரையாக விரித்துப் பயன்படுத்த எம் வரிசைச் சிப் வேண்டும். மற்ற மாடல்களில் ஐபேட் திரையே இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடு பிரதியாகத் தெரியும்.

ஹப் வாங்கும்போது சார்ஜரை உள்ளே வாங்கி டேப்லெட்டுக்குக் கடத்தும் வகையைத்தான் வாங்க வேண்டும். இல்லையென்றால் மானிட்டரை மாட்டினால் சார்ஜ் இல்லை, சார்ஜரை மாட்டினால் மானிட்டர் இல்லை. சுழலும் வட்டு உள்ள பழைய ஹார்டு டிஸ்க்கைச் செருகியதும் "டிக் டிக்" என்று ஓசை வந்து தெரியாமல் போனால், டேப்லெட் தரும் மின்சாரம் அதற்குப் போதவில்லை என்று பொருள். ஹப்பில் சார்ஜரைச் செருகிவிட்டு மறுபடி முயன்றால் பெரும்பாலும் சரியாகிவிடும். டிஸ்க் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் ஐபேட் அதில் எழுதாது. உள்ளே இருப்பதை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டரில் எக்ஸ்ஃபேட் வடிவத்துக்கு மாற்றிக்கொண்டால் விண்டோஸ், மேக், ஐபேட் மூன்றிலும் பிரச்சினை இல்லை. ஆண்ட்ராய்டு உங்கள் மாடலைப் பொறுத்தது. வைஃபை பிரிண்டர் பெரும்பாலும் ஓடிவிடும். கேபிள் மட்டும் உள்ள பழைய பிரிண்டரை மறந்துவிடலாம்.

மடியும் விரலும்

லேப்டாப்பில் எடை எல்லாம் கீழே, கீபோர்டுக்கு அடியில் இருக்கிறது. டேப்லெட்டில் எடை எல்லாம் திரையில். மேல்கனமான அதைக் கீழே விழாமல் நிறுத்த இரண்டே வழி: பின்னால் முட்டுக்கால் கொடுப்பது, அல்லது கீபோர்டைக் கனமாக்குவது. முட்டுக்கால் வைத்தால் மேசையில் அழகாக நிற்கும், மடியில் முழங்காலைத் தாண்டி வழுக்கும். கீபோர்டைக் கனமாக்கினால் மடியில் நிற்கும், எடை கூடிவிடும். 2022 ஐபேட் புரோ 12.9 அங்குலம் 682 கிராம். அதன் மேஜிக் கீபோர்டு ஏறக்குறைய இன்னொரு 700. இரண்டும் சேர்ந்து 1.4 கிலோவை நெருங்குகிறது. அதே ஆண்டு வந்த மேக்புக் ஏர் 1.24 கிலோ. டேப்லெட் லேசு என்ற பேச்சு கீபோர்டு மாட்டும்வரைதான்.

பேட்டரியிலும் கதை மாறிவிட்டது. 2010 முதல் ஆப்பிள் ஐபேடுக்குச் சொல்லிவருவது 10 மணி நேரம். அந்த 2022 மேக்புக் ஏருக்கு அது சொன்னது 18.

விரலுக்கு வருவோம். முழு அளவு கீபோர்டில் ஒரு விசையின் நடுவிலிருந்து அடுத்த விசையின் நடுவுக்கு 19 மில்லிமீட்டர். 11 அங்குல டேப்லெட்டின் உறைக் கீபோர்டில் அகலம் போதாததால் வலது ஓர விசைகளை ஒடுக்கிவிடுவார்கள். ஆங்கிலத்தில் தட்டுபவருக்கு அங்கே இருப்பது அடைப்புக்குறியும் மேற்கோளும். எப்போதாவது தொடுவது, பொறுத்துக்கொள்வார். தமிழ்99 விசையமைப்பில் தட்டுபவருக்கு அந்த ஓரத்தில்தான் ச, ஞ, ந, ய, ழ இருக்கின்றன. "நியாயம்" என்று ஒரு சொல்லை அடிக்கவே சுண்டுவிரல் அங்கே மூன்று முறை போக வேண்டும். நாளுக்கு ஆயிரம் சொல் எழுதுபவர் 11 அங்குல உறையை வாங்கும் முன் இந்த ஒரு சொல்லை அதில் இருபது முறை அடித்துப் பார்த்தால் போதும், மணிக்கட்டே பதில் சொல்லிவிடும். 13 அங்குலத்தில் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. அல்லது மேசையில் தனியாக முழு அளவு புளூடூத் கீபோர்டு வைத்துக்கொள்ளலாம்.

திரைக் கீபோர்டில் தமிழ் வருகிறது என்பதால் மாட்டிய கீபோர்டிலும் வரும் என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் அமைப்பு தனித்தனி. ஐபேடில் தமிழ்99, ஆங்கில எழுத்தால் ஒலிப்படி தட்டும் அஞ்சல் இரண்டும் மாட்டும் கீபோர்டுக்கும் கிடைக்கின்றன. ஆண்ட்ராய்டில் தயாரிப்பாளரைப் பொறுத்து மாறும். வாங்குமுன் ஒரு புளூடூத் கீபோர்டை இணைத்துப் பார்த்துவிடுவதே நல்லது. பழைய பாமினி எழுத்துருவில் கிடக்கும் ஆவணங்களைக் கம்ப்யூட்டரில் இருக்கும்போதே யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். டேப்லெட்டுக்குள் கொண்டுபோய் அந்த எழுத்துருவோடு மல்லுக்கட்டுவது வீண்.

எஸ்கேப் விசை இல்லாத ஐபேட் கீபோர்டு என்றால், கமாண்டையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து அழுத்தலாம். அல்லது அமைப்புகளில் பொது, கீபோர்டு, வன்பொருள் கீபோர்டு, மாற்றி விசைகள் என்று போய் கேப்ஸ் லாக்கை எஸ்கேப்பாக மாற்றிவிடலாம். இரண்டாவதே நல்லது, கேப்ஸ் லாக்கால் யாருக்கும் பெரிய உபகாரம் இல்லை.

டேப்லெட் ஜெயிக்கும் இடத்தைச் சொல்லாமல் விட்டால் ஒருதலைப் பேச்சாகிவிடும். நூறு பக்க பிடிஎஃப்பை நிமிர்த்திப் பிடித்துப் படித்து, ஓரத்தில் பேனாவால் குறித்துக்கொண்டே போவது லேப்டாப்பில் எந்தக் காலத்திலும் சுகப்படாத வேலை. காகிதத்தைப் படமெடுத்து நேராக்கி பிடிஎஃப் ஆக்குவது, சிம் போட்டு எங்கும் நெட்டில் இருப்பது, நின்றுகொண்டே நாலு பேருக்குத் திரையைக் காட்டுவது, இவையும் அப்படியே. இவைதான் உங்கள் நாளின் பெரும்பகுதி என்றால் இதுவரை சொன்ன குறைகளில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

லாரியை வாடகைக்கு எடுப்பது

மேக்ரோவும் டோக்கனும் மாதத்துக்கு இரண்டு நாள் மட்டும் வேண்டும் என்றால், பழைய லேப்டாப்பை விற்காமல் வீட்டில் ஓர் ஓரத்தில் ஓடவிட்டு, டேப்லெட்டிலிருந்து அதற்குள் நுழையலாம். வேலை அங்கே நடக்கும், திரை மட்டும் இங்கே வரும்.

அந்த லேப்டாப்பில் விண்டோஸ் 11 புரோ இருந்தால் ரிமோட் டெஸ்க்டாப்பை அமைப்புகளில் இயக்கினாலே போதும். ஹோம் பதிப்பில் அந்த வசதி இல்லை; குரோம் ரிமோட் டெஸ்க்டாப்பை நிறுவிக்கொள்ள வேண்டும். மின்சாரத்தில் இருக்கும்போது தூங்காதே என்றும், மூடியை மூடினால் ஒன்றும் செய்யாதே என்றும் அமைக்க வேண்டும். மூடியைக் கொஞ்சம் திறந்தே வைப்பது வெப்பத்துக்கு நல்லது. எப்போதும் சார்ஜரில் கிடக்கும் பேட்டரி நாளடைவில் உப்பக்கூடும் என்பதால், தயாரிப்பாளரின் அமைப்புச் செயலியில் சார்ஜ் வரம்பை 80 சதவீதத்தில் நிறுத்துங்கள். முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு கேபிளில் நெட் கொடுங்கள்.

ரிமோட் டெஸ்க்டாப்பை வெளியிலிருந்து எட்ட ரூட்டரில் 3389 என்ற போர்ட்டைத் திறக்கச் சொல்லும் வழிகாட்டிகள் இன்னும் உலவுகின்றன. அதைச் செய்யவே கூடாது. அந்த எண்ணைத் தேடித் தட்டிப்பார்க்கும் நிரல்கள் இணையத்தில் ஓயாமல் சுற்றுகின்றன. டெய்ல்ஸ்கேல் மாதிரி ஒரு தனிவலை விபிஎன்னை இரண்டு சாதனத்திலும் போட்டு, அதற்குள்ளாக நுழையுங்கள்.

எல்லாம் அமைத்தபின் வீட்டில் சோதித்துத் திருப்தி அடையாதீர்கள். போனின் ஹாட்ஸ்பாட்டில் டேப்லெட்டை இணைத்து, லேப்டாப்பை ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, யாரும் கடவுச்சொல் போடாத நிலையிலேயே உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். வெளியூரில் இருக்கும்போது கைவிடுவது இந்த ரீஸ்டார்ட்தான்: இரவில் விண்டோஸ் அப்டேட் ஆகித் தானாக எழுந்திருக்கும், விபிஎன் மட்டும் எழுந்திருக்காது. டெய்ல்ஸ்கேலில் கவனிப்பார் இல்லாமலே ஓடும் தேர்வு ஒன்று உண்டு, அதை இயக்கிவிடுங்கள். தாமதம் 50 மில்லிவிநாடிக்குள் இருந்தால் தொலைவில் இருப்பதே தெரியாது. 150ஐத் தாண்டினால் எக்செல் பொத்தானை அழுத்தலாம், பத்தி எழுத முடியாது.

பதினான்கு நாள் பூட்டிவைப்பது

எதையும் வாங்குவதற்கு முன், கையில் இருக்கும் அல்லது கடன் வாங்கிய டேப்லெட்டோடு ஒரு சாதாரண புளூடூத் கீபோர்டை இணைத்து, லேப்டாப்பை 14 நாள் பீரோவில் வைத்துவிடுங்கள். அதை வெளியே எடுக்க வேண்டி வந்த ஒவ்வொரு முறையும் ஒரு தாளில் எழுதுங்கள்: என்ன வேலை, எந்த இடத்தில் நின்றது, எத்தனை நிமிடம் போனது. முடிந்ததும் ஒவ்வொரு வரிக்கும் க, உ, ங என்று ஒரு குறி போடுங்கள். வழி தெரியாததால் நின்றது க. செய்ய முடிந்தது, ஆனால் எரிச்சலோடு என்றால் உ. செய்யவே முடியாதது ங. க பழகிவிடும். உ எத்தனை நாள் பொறுக்கும் என்பது ஆளைப் பொறுத்தது. கணக்கில் சேர்க்க வேண்டியது ங மட்டும்.

பதினான்கு நாளில் ஆண்டு வேலைகள் சிக்காது. வரிக் கணக்கு, கண்காணிப்பு மென்பொருளோடு எழுதும் தேர்வு, பழைய கேமராவின் கோப்பு மாற்றம் போன்றவை அதற்கு வெளியே நிற்கும். அவற்றைப் பிடிக்க, லேப்டாப்பில் பதிவிறக்க ஃபோல்டரைத் திறந்து கோப்பு வகைப்படி அடுக்கி, கடந்த ஓராண்டுக்குள் வந்தவற்றை மேலிருந்து கீழ்வரை பாருங்கள். மென்பொருளை நிறுவும் எக்ஸ்இ, எம்எஸ்ஐ, மேக்ரோ உள்ள எக்ஸ்எல்எஸ்எம் என்று முடியும் ஒவ்வொன்றும் எதற்காக வந்தது என்று நினைவுபடுத்தி, அதே தாளில் ங வரிசையில் சேர்த்துவிடுங்கள். ஆண்டுக்கு இரண்டு மூன்று வரி என்றால் ஓரத்து லேப்டாப் போதும். மாதத்துக்கு இரண்டு மூன்று என்றால் அந்த லேப்டாப் நல்ல நிலையில் இருக்க வேண்டும், எட்டு ஆண்டுப் பழையது உதவாது. வாரத்துக்கு அத்தனை என்றால் டேப்லெட்டை இரண்டாவது சாதனமாக, கீபோர்டு இல்லாமல் பேனாவோடு மட்டும் வாங்குங்கள்; மேலே சொன்ன அந்த 700 கிராமாவது பையில் மிச்சமாகும்.